மாமரம் பூனைக்கு நஞ்சா?

சித்திரை பிறந்து மாங்காய் திரண்டு நிற்கும் நாட்களில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. கொல்லை மாமரத்தடியில்தான் பூனை பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறது. அடிமரத்தில் நகத்தைத் தீட்டுகிறது, கிளையேறி அணிலுக்குக் காத்திருக்கிறது, உதிர்ந்த இலையைக் கவ்வி விளையாடுகிறது. மாங்காய்ப் பால் பட்டால் மனிதருக்கே உதடு வெந்துபோகிறது. நாலு கிலோகூடத் தேறாத இந்த உயிருக்கு அந்த மரத்தால் ஏதேனும் ஆகிவிடுமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். மாமரம் பூனையைக் கொல்லும் மரம் அல்ல. பூனைகளுக்கு நஞ்சாகும் தாவரங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகக் காட்டும் பட்டியல்களில் அது இடம்பெறுவதில்லை. பழுத்த சதையை ஒரு துண்டு நக்கினாலும் ஆபத்தில்லை. பாலும் பிசினும் எரிச்சல் தரக்கூடும். இலையை நிறைய மென்றால் வாந்தி வரலாம். அதற்குமேல் மரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கேள்வியைப் பூனைக்கென்று தனியாகக் கேட்பது மிகச் சரி. நாய்க்கு ஆகும், மாட்டுக்கு ஆகும், நமக்கும் ஆகும், ஆகையால் பூனைக்கும் ஆகும் என்று நினைப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மாமரத்தைவிட நல்ல மரம் கிடைக்காது.

மரத்துக்குள் என்ன இருக்கிறது

மா, முந்திரிக் குடும்பத்து மரம். முந்திரியும் சேராங்கொட்டையும் அமெரிக்கக் காடுகளில் நடப்போரைப் புண்ணாக்கும் ‘பாய்சன் ஐவி’ கொடியும் அதற்கு உறவு. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் கையைப் பொத்துப்போகச் செய்வதும், சேராங்கொட்டைச் சாறு பட்ட இடம் கறுத்துக் கொப்பளிப்பதும் இந்தக் குடும்பத்தின் குணம். பாய்சன் ஐவியில் இருக்கும் உருஷியால் என்ற எண்ணெய்க்கு நெருங்கிய ரிசார்சினால் வகைப் பொருள்கள் மாங்காயின் பாலிலும் தோலிலும் இருக்கின்றன. காம்பை ஒடித்ததும் பீய்ச்சியடிக்கும் பால் இவற்றையும், டெர்பீன்கள் என்னும் ஆவியாகும் எண்ணெய்களையும் சுமந்து வருகிறது. பச்சை மாங்காயை முகர்ந்தால் மூக்கில் ஏறும் மணம் பெரும்பாலும் இந்த டெர்பீன்களுடையது. பறித்த காயைத் தோப்பில் குப்புற வைத்துப் பாலை வடியவிடுவதும் இதனால்தான். பால் வழிந்த இடத்தில் மாங்காயின் தோலே கருகிப்போகும்.

இந்தப் பால் மனிதத் தோலில் உண்டாக்குவது பெரும்பாலும் ஒவ்வாமை. பொருள் தோலுக்குள் இறங்குகிறது, உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியாக எண்ணிச் சண்டை போடுகின்றன, அந்தச் சண்டையின் விளைவே கொப்புளம். பூனையை இதிலிருந்து அதன் ரோமம் காக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் பாய்சன் ஐவியால் தோல் புண்ணாவது அரிது என்றே கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூக்கு நுனி, உதடு, காதின் உட்புறம், ரோமம் மெலிந்த அடிவயிறு ஆகிய இடங்கள்தான் பாதுகாப்பற்றவை.

மாவிலையிலும் பட்டையிலும் மாங்கிஃபெரின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ஒன்றும் இருக்கிறது. பினால் என்ற பெரிய வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது நஞ்சாகப் பேர் வாங்கியதல்ல. ஆனால் உடல் பினால்களை என்ன செய்கிறது என்பதற்கு இந்திய வரலாற்றில் வண்ணத்தாலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

மாவிலை தின்ற பசுக்கள்

பழைய இந்தியச் சிற்றோவியங்களில் ஒளிவீசும் ஒரு மஞ்சளைப் பார்க்கலாம். ‘இந்திய மஞ்சள்’ என்ற பெயரில் அது ஐரோப்பிய ஓவியர்களிடமும் போய்ச் சேர்ந்தது. எதிலிருந்து கிடைக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் பலருக்கும் குழப்பம். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இதுபற்றிக் கேள்வி வந்தபோது, திரைலோக்யநாத் முகர்ஜி என்ற இந்திய அதிகாரி விசாரித்து 1883இல் எழுதினார். பீகாரின் முங்கேர் நகரை ஒட்டிய மிர்சாப்பூரில் பால்காரர்கள் சிலர் தங்கள் பசுக்களுக்கு மாவிலையும் தண்ணீரும் மட்டுமே கொடுத்து, அவற்றின் சிறுநீரைப் பிடித்துக் காய்ச்சி, வடிகட்டி, உருண்டையாகப் பிடித்து விற்கிறார்கள் என்பது அவர் தந்த செய்தி. அந்தப் பசுக்கள் மெலிந்து நோஞ்சானாக இருந்ததையும் அவர் குறித்தார்.

பின்னாளில் இந்தக் கதையையே சிலர் ஐயப்பட்டார்கள். ஆனால் கியூவுக்குச் சென்ற பழைய மாதிரிகளை அண்மை ஆண்டுகளில் நவீனக் கருவிகளால் ஆராய்ந்தபோது, தாவரம் தின்னும் விலங்கின் சிறுநீருக்கே உரிய பொருள்கள் அதில் தென்பட்டன. முகர்ஜி எழுதியதற்கு வலு சேர்ந்தது.

வேதியியலுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்திய மஞ்சளின் சாரம் யூக்சாந்திக் அமிலம். அது யூக்சாந்தோன் என்ற மஞ்சள் பினாலும், குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வழி வந்த அமிலமும் கைகோத்த மூலக்கூறு. யூக்சாந்தோன், மாவிலையின் மாங்கிஃபெரினிலிருந்து பசுவின் உடலுக்குள் உருவாவதாகக் கருதப்படுகிறது. குளுக்குரோனிக் அமிலத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது பசுவின் கல்லீரல்.

ஏன் சேர்க்க வேண்டும்? எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பாத்திரம் வெறுந்தண்ணீரில் போகாது. சீயக்காயோ சோப்போ போட்டால்தான் பிசுக்கு தண்ணீரோடு கழுவிப் போகும். உடலுக்குள் நுழையும் பல தாவரப் பொருள்களும் மருந்துகளும் அப்படித்தான், நீரில் எளிதில் கரையாதவை. கல்லீரல் அவற்றோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டவைத்து, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீரிலும் பித்தத்திலும் வெளியேற்றுகிறது. மாவிலை தின்ற பசுவின் உடல் இந்த வேலையை நாள்தோறும் செய்தது. அதன் மிச்சத்தைத்தான் ஓவியர்கள் தூரிகையில் தொட்டார்கள்.

பூனையிடம் இல்லாத கருவி

இந்த ஒட்டவைக்கும் வேலையைச் செய்யும் நொதிகள் பல. அவற்றில் பாரசிட்டமால் போன்ற சிறிய, தட்டையான பினால் மூலக்கூறுகளைக் கையாளும் முக்கியமான நொதி யுஜிடி1ஏ6. நமக்கு இருக்கிறது, நாய்க்கு இருக்கிறது. பூனைக்கு இல்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் பூனையின் மரபணுத் தொகுதியில் இதைத் தேடியபோது, மரபணு இருக்க வேண்டிய இடத்தில் சிதைந்துபோன பிரதி ஒன்றுதான் இருந்தது. அதைப் படித்து நொதியைச் செய்ய உடலால் இயலாது. 2011இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, இந்தச் சிதைவு வீட்டுப் பூனையோடு நிற்கவில்லை, பூனைக் குடும்பத்தில் ஆராயப்பட்ட காட்டுப் பூனையினங்களுக்கும் பொது என்று காட்டியது. பழுப்புக் கழுதைப்புலி, வட யானைச் சீல் ஆகியவற்றிலும் இதே மரபணு பழுதாகியிருந்தது. பெரும்பாலும் ஊனையே நம்பி வாழும் விலங்குகளில் இந்தப் பழுது திரும்பத் திரும்பத் தோன்றுவது தற்செயல் ஆகாது.

ஊன் மட்டுமே தின்னும் விலங்குக்குத் தாவர பினால்கள் அரிதாகவே வந்து சேரும். இலட்சக்கணக்கான ஆண்டுகள் பயன்படாமல் கிடக்கும் மரபணுவில் பிழை விழுந்தாலும், அந்த விலங்கு அதனால் அழிந்துவிடுவதில்லை. பிழை அப்படியே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது. இலை தின்னும் பசுவுக்கோ அந்தக் கருவி உயிர்நாடி.

இதே வரலாற்றின் இன்னொரு தடம் பூனையின் நாக்கில் இருக்கிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் பூனையின் இனிப்புச் சுவை ஏற்பியை ஆராய்ந்தார்கள். அதைக் கட்டும் இரண்டு மரபணுக்களில் ஒன்றான டாஸ்1ஆர்2 பழுதாகியிருந்தது. பூனை இனிப்பை உணர்வதில்லை. இமாம்பசந்தும் மல்கோவாவும் அதன் நாக்குக்கு ஈரமான, மணமுள்ள நார்ப்பொருள்தான். வீட்டுப் பூனை மாம்பழத்தை நக்கினால் மணத்தையோ ஈரத்தையோ நாடி நக்குகிறது என்றுதான் கொள்ள வேண்டும். இதனால் மாம்பழத்தை அது வயிறு முட்டத் தின்றுவிடுமோ என்ற பயமும் பெரும்பாலும் தேவையற்றது.

கல்லீரலில் ஒரு நொதி குறைந்ததன் விலை எவ்வளவு என்பதை ஆஸ்பிரின் காட்டுகிறது. மனித உடலில் சாதாரண அளவு ஆஸ்பிரினின் சாரம் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். பூனையில் அது பாதியாக ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகிறது. நமக்கு ஒரு வேளை மருந்து, பூனைக்கு நாள்கணக்கில் நீடிக்கும் பாரம். பாரசிட்டமால் இன்னும் கொடியது. கல்லீரலால் பத்திரமாக வெளியேற்ற முடியாத மருந்து வேறு வழியில் சிதைந்து, இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகிறது, முகமும் பாதமும் வீங்குகின்றன, மூச்சு இரைக்கிறது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று அன்பினால் கால் மாத்திரை பொடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அன்பு உயிரை வாங்கிவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நாக்கு வழி வரும் ஆபத்து

பூனை தாவரத்தைத் தின்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அருகம்புல்லைக் கடித்துத் தின்னும், சில சமயம் வாந்தியும் எடுக்கும். குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் சுற்றிவந்து உரசிப் புரளும். பூனைவணங்கி என்று நம் ஊரார் அந்தச் செடியை அழைப்பது இதைப் பார்த்துத்தான். அந்த வேரில் பூனையை ஈர்க்கும் பொருள்களை வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தும் காட்டியிருக்கிறார்கள். அவை மேலைநாட்டுப் பூனைகள் மயங்கும் கேட்னிப் செடியின் பொருள்களுக்கு உறவானவை. நீண்டு மெல்லியதாக, புல் போல் இருக்கும் இலைகளைப் பூனை விரும்பிக் கடிக்கும். தோல் போல் தடித்த முற்றிய மாவிலை அதற்கு அவ்வளவு பிடித்தமானதல்ல. செம்பழுப்பான கொழுந்து வேண்டுமானால் விளையாட்டுப் பொருளாகும்.

வாயால் கடித்துத் தின்பதைவிடப் பூனைக்கு ஆபத்து அதிகமாக வரும் வழி வேறு. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. ரோமத்தில் எது ஒட்டினாலும் சிறிது நேரத்தில் அது வயிற்றுக்குள் போய்விடும். மாங்காய் பறிக்கும் நாளில் தெறித்த பால், பட்டையிலிருந்து கசிந்த பிசின், மகரந்தத் தூள், தரையில் கொட்டிய மருந்து, எல்லாம் இந்த வழியில்தான் உள்ளே போகின்றன. ஆகவே பூனை எதைத் தின்றது என்று கேட்டால் போதாது. எதன்மேல் படுத்தது, எதில் உரசியது என்றும் பார்க்க வேண்டும்.

பால் பட்ட ரோமத்தைக் கழுவுவதில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. பிசின் போகவில்லை என்று மண்ணெண்ணெயோ டர்பென்டைனோ தடவிவிடுகிறார்கள். மாம்பாலைவிடப் பல மடங்கு கேடு அதில்தான். பூனை அதை நக்கும். நுரையீரலுக்குள் இறங்கினால் காப்பாற்றுவது கடினம். கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தடவிப் பிசினை இளக்கிவிட்டு, பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு நன்றாக அலசினால் போதும். கெட்டியாகச் சிக்கிய இடத்தில் ரோமத்தைக் கத்தரித்துவிடலாம்.

மரத்தின்மேல் நாம் தெளிப்பது

மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வந்து பூவைக் கருக்கும். அதற்குத் தோப்புகளில் தெளிக்கும் மருந்துகளில் செயற்கைப் பைரித்ராய்டு வகையும் உண்டு. இந்த வகை மருந்துகளைத் தாங்கும் சக்தி பூனைக்கு மிகக் குறைவு. இதற்கும் கல்லீரலின் அதே குறைபாடே காரணம் என்று கருதப்படுகிறது. இந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தை நாய்க்கு முதுகில் விடுவார்கள். நாய் சும்மா இருக்கும். அதே மருந்தைப் பூனைக்கு விட்டால் சிறிது நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கி, வலிப்பு வந்து, இறந்தும் போகலாம். நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில், நாய்க்குப் பூசிய மருந்தே பூனையைப் பாதித்ததுண்டு.

ஆகவே மாமரம் உள்ள வீட்டில் பூனைக்காகச் செய்ய வேண்டிய முதல் வேலை மருந்து தெளிப்பதைக் கவனிப்பது. தெளிக்கும் நாளில் பூனையை வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். இலையும் தரையும் நன்கு காய்ந்த பின்பும் ஓரிரு நாள் அந்தப் பக்கம் விடாதீர்கள். மருந்துப் புட்டியில் இருக்கும் வேதிப்பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் நேர்ந்தால் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பெயர்தான்.

தோட்டத்தில் அஞ்ச வேண்டியவை

மாமரத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள், வரவேற்பறைப் பூச்சாடியில் லில்லி மலரை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். லிலியம் இனத்து லில்லிகளும், பகல் லில்லி எனப்படும் ஹெமரோகாலிஸ் மலர்களும் பூனையின் சிறுநீரகத்தை அழிப்பவை. இதழ், இலை, ரோமத்தில் ஒட்டிய மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் என எதில் சிறிது உள்ளே போனாலும் போதும். இரண்டு மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். அதே மலரை நாய் தின்றால் வயிற்றுக் கோளாறோடு பெரும்பாலும் போய்விடும். எது நஞ்சு என்பதைத் தாவரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, தின்னும் உடலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

நம் மாநில மலரான செங்காந்தள் வேறு வகை. அதில் உள்ள கொல்ச்சிசின் மனிதர், மாடு, பூனை என யாரையும் விடாது. கிழங்கில் அது மிகுதி. வேலியோரத்து அரளியும் மஞ்சள் அரளியும் இதயத்தைத் தாக்கும். அலங்காரத்துக்கு வைக்கும் சைகஸின் விதை கல்லீரலைக் கெடுக்கும். மணி பிளான்ட் இலையில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அதைக் கடித்த பூனைக்கு வாயெல்லாம் எரிந்து எச்சில் ஒழுகும். உயிருக்கு ஆபத்து வருவது அரிது.

பழமரங்களில் வாழையைப் பற்றிக் கவலை வேண்டாம். எலுமிச்சை, நாரத்தை வகைகளின் தோலிலும் இலையிலும் உள்ள எண்ணெய்கள் பூனைக்கு ஆகாதவை. நல்லவேளையாக அந்த மணமே பல பூனைகளை விரட்டிவிடும். வெண்ணெய்ப் பழ மரத்தின் இலையில் உள்ள பெர்சின் கிளிகளையும் சிறு பறவைகளையும் கொல்லும், ஆட்டின் மடியை வீங்கச் செய்யும். நாயும் பூனையும் அதைப் பறவைகளைவிட நன்றாகத் தாங்குகின்றன. ஒரே மரம், ஒவ்வோர் உடலிலும் ஒவ்வொரு முகம் காட்டுகிறது.

அடுப்படியையும் சேர்த்தே எண்ண வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகை உண்டாக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யக்கூடிய அளவு. நாலு கிலோப் பூனைக்கு அது 20 கிராம். வெங்காயம் வதக்கிய மீன்குழம்பில் பிசைந்த சோற்றைத் தினமும் வைப்பது பாசம்தான். ஆனால் பூனைக்கென்று மசாலா சேர்க்காமல் வேகவைத்த மீனைத் தனியே எடுத்து வைப்பது அதைவிட நல்ல பாசம்.

ஏதேனும் நேர்ந்தால்

பூனை மாவிலையைக் கடித்து ஒருமுறை வாந்தியெடுத்து, பிறகு பழையபடி ஓடியாடினால் தண்ணீர் வைத்துக் கவனித்தால் போதும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ, எச்சில் வழிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, ஈறின் நிறம் மாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நேரத்தை வீணாக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். உப்பு மிகுந்தால் அதுவே நஞ்சு. பால் ஊற்றினால் விஷம் முறியும் என்பதும் நம்பிக்கை மட்டுமே. கடித்த செடியின் கிளை ஒன்றையோ மருந்துப் புட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய ஊர்களிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சை வசதி உண்டு. லில்லி, பாரசிட்டமால், பைரித்ராய்டு ஆகிய மூன்றிலும் முதல் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்த பூனையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. தாமதித்தால் அந்த வாய்ப்பு வேகமாகக் கரைகிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம். பூனை வளர்ப்பவர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: யாருடைய அளவு? பசுவின் கல்லீரல் மாவிலையை மஞ்சள் வண்ணமாக்கி வெளியேற்றியது. நம் கல்லீரல் மாத்திரையைக் கழுவி அனுப்புகிறது. பூனையின் கல்லீரல் ஊனுக்கென்று உருவானது. அதனிடம் நம் கருவிகளை எதிர்பார்க்கக் கூடாது. புதிதாக ஒரு செடியோ மருந்தோ பூச்சிக்கொல்லியோ வீட்டுக்குள் வரும்போதெல்லாம், மற்ற உயிர்களுக்கு அது ஆகும் என்பதைப் பூனைக்கும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாமல், பூனைக்கு ஆகுமா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாமரம் அங்கேயே நிற்கட்டும். மாத்திரை டப்பாவை மூடி மேலே வையுங்கள், லில்லியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், நாயின் உண்ணி மருந்தைப் பூனையிடம் அண்டவிடாதீர்கள்.